களப்பு மட்டியும் கண்ணாடித் தொட்டியும்

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் பெருவழியில் காரைதீவையும் நிந்தவூரையும் கடந்து, களியோடைப் பாலத்தைத் தாண்டினால் ஒலுவிலும் பாலமுனையும் வரும். அவற்றையடுத்து அக்கரைப்பற்றுக்கு வடக்கே அமைந்திருப்பது அட்டாளைச்சேனை. மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். கிழக்கே வங்கக் கடல். ஆசிரியர்களைப் பயிற்றும் தேசிய கல்விக் கல்லூரியால் பெயர்பெற்ற இவ்வூருக்கு நாம் சென்றது கல்லூரியைப் பார்ப்பதற்காக அன்று. ஒரு வீட்டுத் திண்ணையை அடுத்த அறையில் இருக்கும் கண்ணாடித் தொட்டியைப் பார்ப்பதற்காகவே.

இக்கரை மணற்கரை. முருகைக்கற் பார்களும் அவற்றில் வாழும் வண்ண உயிர்களும் வேண்டுமானால் வடக்கே பாசிக்குடாவுக்கோ, திருகோணமலைப் புறாத்தீவுக்கோ போகவேண்டும். அப்படியிருக்க, கடல்நீர்த் தொட்டி இங்கே எப்படி வந்தது? வீட்டுக்காரர் ஜித்தாவில் பல்லாண்டுகள் தொழில் புரிந்து திரும்பியவர். அங்கே மீன்தொட்டிக் கடையொன்றில் வேலை செய்தபோது, முருகைக்கற்களிடையே வளரும் பெருமட்டியைப் படம் பிடிக்கப் பழகிக்கொண்டார். ஊர் திரும்புகையில் படங்களை மட்டுமே கொண்டுவந்தார். பெருமட்டி இனங்கள் யாவும் 1985ஆம் ஆண்டிலிருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அவற்றை எவரும் எண்ணியபடி எடுத்துச் செல்ல இயலாது.

அப்படங்களைப் பார்த்த நாம் சிறிது நேரம் பேச்சற்றிருந்தோம். ஓட்டின் விளிம்பெங்கும் மயிற்கழுத்து நீலம். அதனூடே பொன்னிறக் கோடுகள். இந்நிறம் வெறும் அழகுக்கு வந்ததன்று. பெருமட்டியின் தசைமடிப்புக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதில் ஒரு பங்கை வீட்டுக்காரனான மட்டிக்குக் கொடுக்கின்றன. தோலிலுள்ள மினுங்கும் கலங்கள் பாசிக்குப் பயன்படும் சிவப்பு, நீல ஒளியை உள்ளே செலுத்தி, மஞ்சளையும் பச்சையையும் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகின்றன என 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. செங்கடலில் வாழும் அரிய பெருமட்டி இனமொன்றை 2008இல் புதிய இனமென்று அறிவித்தனர். பின்னரோ, 1899இலேயே அதற்குப் பெயர் சூட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. நூறாண்டுக் காலம் ஒருவர் கண்ணிலும் படாமற் கிடந்ததோ, கண்டவர்கள் கறிக்கு எடுத்ததோ, யார் அறிவார்!

இங்குள்ள தொட்டியிலோ அத்தகைய நிறம் எதுவும் இல்லை. களப்பின் மணற்சேற்றிலிருந்து எடுத்துவந்த ஆறு சிறு மட்டிகள். ஒவ்வொன்றும் பெருவிரல் நுனியளவு. பாசி விருந்தாளிகள் இவற்றுக்கு இல்லை. நீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துண்பதே இவற்றின் பிழைப்பு. மணலுக்குள் புதைந்து கிடக்கும் இவை வெளியே காட்டுவன இரண்டு குழாய் முனைகள் மட்டுமே. ஒன்று நீரை இழுக்கும், மற்றது வெளியேற்றும். ஆகவே நண்பர் தொட்டியை நான்கு விரல் அகலத்தில் ஒடுக்கமாகச் செய்வித்திருக்கிறார். மட்டி புதையும்போது ஓடு கண்ணாடியை ஒட்டியே நிற்பதால், மண்ணுக்குள் நடப்பதும் தெரிகிறது. எளிய யுக்திதான், ஆனால் நாம் கண்ட விலையுயர்ந்த தொட்டிகள் பலவற்றில் இது இல்லை.

படப்பிடிப்பு இரவில் நடந்தது. அறை விளக்குகளை அணைத்தாயிற்று. இல்லையேல் கண்ணாடியில் நம் முகமே படமாகிவிடும். கமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி. தொட்டிக்கு மேலே ஒரே வெள்ளை விளக்கு. முருகைக்கல் தொட்டிகளில் எரியும் நீல விளக்கு கண்ணுக்கு இனியதாயினும், படத்தை முழு நீலமாக்கிவிடுமாம். வில்லையைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தல் வேண்டும். சாய்த்தால் உருவம் மங்கி, ஓரங்களில் நிறம் பிரியும். நீர்ப் பம்பியை நிறுத்திச் சில நிமிடங்கள் பொறுத்தால் தூசு அடங்கும். பெருமட்டியாயின் மேலிருந்து பார்த்தாற்றான் அழகு என்றும், அதற்காக அடியில் கண்ணாடி பதித்த சிறு பெட்டியொன்றை நீர்மேல் மிதக்கவிட்டு அலையை அடக்கியதாகவும் அவர் சொன்னார்.

நாம் ஆவலால் முன்னே குனிந்தோம்.

"தம்பி, அந்தப் பக்கம் நில்லுங்க. ஆள் நிழல் விழுந்தா மூடிக்கும்," என்றார்.

அவர் வாய் மூடுமுன் குழாய்கள் உள்ளே ஓடிவிட்டன. பெருமட்டியின் தசைவிளிம்பில் ஊசித்துளை போன்ற கண்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. நிழலை அவை அறிந்துகொள்ளும். களப்பு மட்டிக்கு அத்தகைய கண்கள் இல்லாவிடினும் நிழலுக்கும் அதிர்வுக்கும் அது அஞ்சுகிறது. மீண்டும் திறக்க ஏறக்குறைய கால்மணி நேரம் சென்றது. அதற்குள் நண்பரின் மகள், பாடசாலை மாணவி, இரண்டு கண்ணாடிச் சாடிகளைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டிலும் மாலையில் பச்சை படர்ந்த களப்பு நீரை ஊற்றி, ஒன்றில் மட்டும் நான்கு மட்டிகளை இட்டிருந்தாள். மட்டி இல்லாத சாடி கலங்கியே கிடந்தது. மற்றதன் பின்னால் வைத்த புத்தகத்தின் எழுத்தை நாம் வாசித்தோம். அவ்விரு சாடிகளையும் அருகருகே வைத்து எடுத்த படமே அன்றைய படங்களுள் சிறந்ததென்பது எமது எண்ணம். நண்பர் அதை ஒப்பவில்லை.

அழகிய இவ்வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. வடித்தெடுக்க உணவில்லாத தெளிந்த தொட்டிநீரில் மட்டி மெல்லப் பட்டினி கிடக்கிறது. தொட்டாலும் ஓடு மூடாமல் வாய் பிளந்து கிடந்தால் அது இறந்துவிட்டதென்று பொருள். உடனே அகற்றாவிடில் அழுகி மற்றவற்றையும் கொன்றுவிடும். எனவே மூன்று இரவுகளுக்கு மேல் எதையும் அவர் வைத்திருப்பதில்லை. நீரும் களப்பிலிருந்தே வருகிறது. வடகீழ்ப் பருவமழை கொட்டும் கார்த்திகை, மார்கழியில் களப்பு நீரின் உப்பு குறைந்துவிடும். அப்போது கடல்நீர்த் தொட்டியில் இட்டால் மட்டி தாங்காது. அம்மாதங்களில் கமரா அலுமாரிக்குள்ளேயே இருக்கும்.

மறுநாட் காலை சுபஹுத் தொழுகை முடிந்து அவர் வாளியுடன் புறப்பட்டார். மகளும் உடன் வந்தாள். முந்நாட்களுக்குமுன் தோண்டிய இடத்தில் நாட்டியிருந்த குச்சி இன்னும் நின்றது. ஒவ்வொரு மட்டியாக எடுத்து அவள் ஈரமணலில் வைத்தாள். ஐந்து உடனே புதையத் தொடங்கின. ஆறாவது நெடுநேரம் அசையாமல் கிடந்தது; அது கால் நீட்டும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.