முக்கால் டன் தொட்டியும் மூணு ஜோடி காலும்

மக்களே, இது மீனைப் பத்தி இல்லை. மீன் தொட்டிக்குக் கீழ நிக்கற இரும்பு ஸ்டாண்டைப் பத்தி. மீன் பிரியர்கள் மன்னிக்க :)

எங்க வீட்டுல ஹாலுக்கும் படிக்கற ரூமுக்கும் நடுவுல இருக்கற சுவத்துல 5 அடி நீளத் தொட்டி ஒண்ணு பதிச்சிருக்கோம். ஹால்ல இருந்து பாத்தா சுவரே தொட்டியைச் சுமக்கற மாதிரி தெரியும். நிஜத்துல சுவர் ஒரு கிராம் கூடத் தாங்கலை. அது வெறும் ஃபோட்டோ ஃப்ரேம். மொத்த பாரமும் உள்ள மறைஞ்சிருக்கற ஸ்டாண்டு மேலதான். "சுவத்துக்குள்ள தொட்டி வெக்கணும்"னு ஆசைப்படறவங்க முதல்ல மனசுல ஏத்திக்க வேண்டியது இது ஒண்ணுதான்.

ஏன் இவ்ளோ பெரிய தொட்டி? பையன் கொளத்தூர் மீன் கடையில 2 இஞ்ச் ஆஸ்கர் ரெண்டு பாத்து மயங்கிட்டான். அந்த 2 இஞ்ச் குட்டி நல்லா வளர்ந்தா ஒரு அடிக்கு வரும். கண்ணாடி ஜாடியில விட்டு வளக்கற ஜாதி இல்லை அது.

சரி, கணக்குக்கு வருவோம். முதல்ல யோசிச்சது 6 அடி நீளம், 2 அடி அகலம், இரண்டரை அடி உயரம். 30 கன அடி. ஒரு கன அடின்னா 28 லிட்டர் சொச்சம், ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. வாய் வரைக்கும் ரொப்பினா தண்ணி மட்டும் 850 கிலோ! பேப்பர்ல எழுதிப் பாத்ததுமே 5க்கு 2க்கு 2ன்னு இறங்கியாச்சு. அதுலயும், விளிம்புக்குக் கொஞ்சம் கீழ நிறுத்தினா தண்ணி கிட்டத்தட்ட 500 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி 105 கிலோ. அடியில 2 இஞ்ச் கல் போட்டா அது ஒரு 75. ஸ்டாண்டு, பிளைவுட், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து இன்னொரு 75. ஆக முக்கால் டன். அதுவும் வெறும் 10 சதுர அடி இடத்துல.

நம்ம நாட்டுல வீடு கட்ட வழிகாட்டற ஐ.எஸ். 875, வீட்டு அறைகளோட தரை சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ பாரம் தாங்கற மாதிரி இருக்கணும்னு சொல்லுது. நம்ம தொட்டி உக்கார்ற இடத்துல அது 800 கிலோ. நாலு மடங்கு! உடனே தரை உள்வாங்கிடும்னு அர்த்தமில்லை. அந்த 200 கிலோ, ரூம் பூராவும் ஒரே நேரத்துல பாரம் ஏத்தினா என்ன ஆகும்னு பாக்கற கணக்கு. ஒரு மூலையில மட்டும் அதிகமா வெச்சா, எங்க வெக்கறோம், கீழ பீம் இருக்கா, எந்த வாக்குல வெக்கறோம்கறதைப் பொறுத்து விஷயம் மாறும். ஆனா இதை நாமளே குத்துமதிப்பா முடிவு பண்ணக் கூடாது.

அதுவும் எங்க வீடு முதல் மாடி. படிக்கற ரூமுக்கு நேர் கீழ, கீழ் வீட்டுப் பெரியவரோட கட்டில். எண்பதைத் தாண்டினவர். விஷயத்தைச் சொல்லி சம்மதம் கேக்கப் போனப்போ சிரிச்சுக்கிட்டே கேட்டார்:

"தம்பி, அப்ப உங்க மீனு என் தலைக்கு மேலதான் நீந்தப் போகுதா?"

அவர் சிரிச்சார். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. சரியா வந்தா அழகு நம்ம ஹாலுக்கு. ஏதாவது ஆனா அடி அவர் தலைக்கு. இந்த ஒரு கேள்விதான் அதுக்கப்புறம் ஒவ்வொரு முடிவையும் எடுத்துச்சு.

சிவில் இன்ஜினியர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து பிளானைக் காட்டினேன். எங்களுது தூணும் பீமும் தாங்கற கட்டடம், அந்த நாலரை இஞ்ச் சுவர் நடுவுல அடைக்கறதுக்குக் கட்டினது. நல்ல வேளையா அதுக்கு நேர் கீழ பீம் ஓடுது. அவர் இன்னொண்ணும் சொன்னார். தரையில இருந்து 5 அடி உயரம், 5 அடி அகலத்துக்குச் செங்கலை எடுத்தா பூச்சோட சேர்த்து ஏறக்குறைய 600 கிலோ குறையுமாம். அதாவது சுவர் எழுந்து போன நாற்காலியில தொட்டி வந்து உக்காருது! ஆனா தொட்டி 2 அடி அகலம். அதனால முன்னங்கால் பீம் மேலயும் பின்னங்கால் ஸ்லாப் மேலயும் வரும். அந்த ஸ்லாப்புக்கும் கணக்கு போட்டுப் பாத்துட்டுதான் சரின்னார். பாரம் தாங்கற சுவரா இருந்திருந்தா இந்தப் பேச்சுக்கே இடமில்லை, கையை வெக்காதீங்கன்னு முதல்லயே சொல்லிட்டார்.

உடைக்கறதுக்கும் ஒரு வரிசை இருக்கு. முதல்ல சுவத்துக்குள்ள கரண்ட் பைப் எங்க ஓடுதுன்னு பாக்கணும். அப்புறம் மேல மட்டும் வெட்டி, ரெண்டு பக்கமும் அரை அடி சுவத்து மேல உக்கார்ற மாதிரி லிண்டல் போட்டு, அது நல்லா இறுகின பிறகுதான் கீழ இருக்கற செங்கலை உருவணும். கொத்தனார் பத்து நாள் டைம் கேட்டார். தாராளமா எடுத்துக்கோங்கன்னேன்.

இப்ப நம்ம ஹீரோ. 50க்கு 50, 3 மி.மீ. கனத்துல இரும்பு ஸ்கொயர் ட்யூப். வெல்டிங் பட்டறை அண்ணன் நாலு காலே போதும்னார்.

"சார், யானையே ஏறி நின்னாலும் தாங்கும்!"

"தாங்கும்ணே. கொஞ்சம் வளைஞ்சாலும் யானைக்கு ஒண்ணும் ஆகாது. கண்ணாடிக்கு ஆயிடும்."

விஷயம் இதுதான். ஸ்டாண்டு உடையறது பிரச்சனையே இல்லை, தொய்யறதுதான் பிரச்சனை. 5 அடிக்கு நடுவுல தாங்கல் இல்லாம விட்டா, இந்தப் பாரத்துக்கு அந்த ட்யூப் நடுவுல 3 - 4 மி.மீ. வரைக்கும் தொய்யலாம். கண்ணுக்கே தெரியாது. ஆனா கண்ணாடி இரும்பு மாதிரி கூட வளைஞ்சு குடுக்காது. அடிக் கண்ணாடியும் சிலிக்கான் ஒட்டும்தான் அந்த இழுப்பை வாங்கும். நடுவுல ஒரு ஜோடி கால் குடுத்தா என்ன ஆகும்? தாங்கல் இல்லாத நீளம் பாதி, அது சுமக்கற பாரமும் பாதி. தொய்வு மட்டும் பாதி இல்லைங்க, பதினாறுல ஒரு பங்கு! 4 மி.மீ. கால் மி.மீட்டரா சுருங்கிடும். ரெண்டு காலுக்கு ஆகற செலவுல இதைவிட லாபமான விஷயம் இந்த வேலையில வேற எதுவும் இல்லை.

அடுத்தது, மேல் ஃப்ரேம் கால் மேல உக்காரணும். காலோட பக்கவாட்டுல ஒட்டித் தொங்கக் கூடாது. உக்காந்திருந்தா பாரம் இரும்புல இருந்து இரும்புக்கு நேரா இறங்கும், வெல்டிங்குக்கு இடத்தைப் பிடிச்சு வெக்கற வேலை மட்டும்தான். தொங்கிச்சுன்னா மொத்த பாரமும் வெல்டிங் தலையில.

பக்கவாட்டு ஆட்டத்துக்கு பின்பக்கமும் ரெண்டு ஓரத்துலயும் குறுக்குச் சட்டம். காலை நேரா டைல்ஸ் மேல நிறுத்தாம கீழயும் சுத்தி ஒரு ஃப்ரேம், பாரம் புள்ளி புள்ளியா இறங்காம பரவட்டும்னு. வெக்கறதுக்கு முன்னாடி அங்க இருக்கற ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாத்தோம். 'டொக் டொக்'னு கூடு மாதிரி சத்தம் வந்த ரெண்டை எடுத்துட்டு மறுபடி பதிச்சாச்சு. சென்னை உப்புக் காத்துல இரும்பு துருப்பிடிக்க சாக்குதான் தேடும். அதனால ட்யூப் வாயெல்லாம் அடைச்சு, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டிங், மேல எனாமல் ரெண்டு கோட்டிங்.

ஸ்டாண்டு மேல 19 மி.மீ. மரைன் பிளைவுட், அது மேல அரை இஞ்ச் தெர்மோகோல், அதுக்கு மேல தொட்டி. சின்னச் சின்ன மேடு பள்ளத்தைத்தான் தெர்மோகோல் சரி பண்ணும். கோணலா நிக்கற ஸ்டாண்டை அது நிமிர்த்தாது. அதுக்கு ரசமட்டம் வெச்சு நாலு பக்கமும், குறுக்கயும் பாத்து, ஃப்ரேமுக்குக் கீழ இரும்புத் தகடு குடுத்துதான் சரி பண்ணணும். தொட்டிக்கும் சுவத்துக்கும் நடுவுல அரை இஞ்ச் இடைவெளி. அந்தச் சந்தை ஹால் பக்கம் மரச்சட்டம் மறைக்குது. கல்லோட விளிம்பும் தண்ணி மட்டமும் அதுக்குள்ளயே மறைஞ்சிடும். தீனி போட, கழுவ எல்லாம் படிக்கற ரூம் பக்கம் இருந்து.

தண்ணியை ஒரே நாள்ல ரொப்பலை. ஒரு நாளைக்கு கால் பங்கு. ஒவ்வொரு தடவையும் ரசமட்டம் வெச்சுப் பாத்துட்டு, கீழ் வீட்டுக்கு இறங்கிப் போய் சீலிங்கை டார்ச் அடிச்சுப் பாத்தேன். பெரியவரும் கட்டில்ல உக்காந்தபடியே அண்ணாந்து பாப்பார். "ஒண்ணும் இல்ல தம்பி, போய் அடுத்த பங்கை ஊத்துங்க"ம்பார். நாலாவது நாள் கைத்தடியோட மெதுவா மாடியேறி வந்தார். மீன் இன்னும் விடலை. தொட்டியை ஒரு பார்வை பாத்துட்டு, நேரா பின்பக்கம் போய்க் குனிஞ்சு காலை எண்ணினார்.

"ஆறு. சரி." அவ்ளோதான். காபி குடிச்சுட்டுக் கிளம்பிட்டார்.

வெக்க நினைக்கறவங்களுக்கு ரெண்டு விஷயம். தொட்டிக்குப் போற லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஒயர் பிளக்குக்குப் போறதுக்கு முன்னாடி கீழ தொங்கி, அப்புறம் மேலேறணும். வழியற தண்ணி பிளக்குக்குள்ள போகாம அங்கயே சொட்டிடும். அப்புறம், ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஸ்டாண்டோட அடிப்பக்கம் டார்ச் அடிச்சு துரு இருக்கான்னு பாருங்க. மீனைப் பாக்க எப்படியும் ஆள் வரும். இதை நீங்கதான் பாக்கணும்.