சும்மா நிற்கும் வேன்

காரோட்டி ஒருவனுக்கு முன்னால் எப்போதும் ஒரு மூக்கு இருக்கிறது என்பதையும், உலகத்துக்கும் தனக்கும் இடையில் அந்த இரும்பு மூக்கே நின்று இத்தனை காலமும் தன் கௌரவத்தைக் காப்பாற்றி வந்தது என்பதையும், மூக்கே இல்லாத வாகனமொன்றின் சாரத்தியத்தை ஏற்கிற நாள் வரையில் அவன் அறிவதில்லை. எதிரே வருவது லொறியானாலும் மாடானாலும் முதலில் அதற்கு முகங்கொடுப்பது பொனட்தான். நாமோ நாலடி பின்னால் மெத்தையில் சாய்ந்து, நடப்பவற்றை விசாரிக்கிறவர்களாக மட்டும் இருந்து வருகிறோம். வேனில் அந்த நாலடி கிடையாது. கண்ணாடி; கண்ணாடிக்கு அப்புறம் உடனே மாத்தளைத் திருகோணமலை வீதி.

கொரோலா, சன்னி, கடைசியாக ஒரு பிரிமியோ என்று ஸௌகரியத்துக்குக் குறைவில்லாத வாகனங்களிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, தலை நரைத்த பிறகு, இந்நாட்டார் 'டொல்பின்' என்று செல்லப் பெயரிட்டு அழைக்கும் பழைய ஹைஏஸ் வேன் ஒன்றுக்கு நான் ஏன் மாறினேன் என்பது குடும்ப விவகாரம். கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு காரணமாகச் சொல்லி வருகிறேன், எல்லாமே பாதி உண்மை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய இரும்புக்கெல்லாம் பொன்விலை வந்துவிட்டபடியால், விற்ற காருக்கும் வாங்கிய வேனுக்கும் இடையே நான் எதிர்பார்த்த இலாபமும் நிற்கவில்லை. வெள்ளை நிறம் மட்டும் கூடாது என்று வீட்டில் ஒரே பிடிவாதம். வெள்ளை வேன் ஒன்று வாசலில் வந்து நின்றால் வீட்டிலுள்ள இளைஞன் திரும்பி வராத காலங்களை வாழ்ந்து கடந்தவர்களுக்கு அந்தப் பிடிவாதத்தை விளக்க வேண்டியதில்லை. கோதுமை நிறத்தில் ஒன்று அகப்படும் வரை காத்திருந்தோம்.

ஏறி உட்கார்ந்தபோது முதலில் விளங்கியது, நான் இயந்திரத்தின்மேல் அமர்ந்திருக்கிறேன் என்பதுதான். கராஜில் பாஸ் எண்ணெய் பார்க்க வேண்டுமென்றால் பொனட்டைத் திறப்பதில்லை. "ஐயா கொஞ்சம் எறங்குங்க" என்று சொல்லி, என் ஆசனத்தையே மல்லாத்திவிடுகிறார். நண்பகலில் தம்புள்ளைப் பக்கம் போய் வந்தால் தொடைக்கடியில் ஏறுகிற உஷ்ணம், நம்மைச் சுமப்பது எது என்பதை மறக்க விடாது. இந்த அவஸ்தைக்கு யார் பொறுப்பு என்று சிந்தித்துக்கொண்டு போனால், அந்தச் சிந்தனை தோக்கியோவில் போய் நிற்கிறது. ஜப்பானியச் சட்டப்படி சிறிய சரக்கு வாகனம் என்ற வகுப்பில் அடங்க வேண்டுமானால் நீளம் 4.7 மீற்றரையும் அகலம் 1.7 மீற்றரையும் தாண்டக் கூடாது. தாண்டினால் வகுப்பு மாறும், செலவும் மாறும். அந்தச் சதுரத்துக்குள் சரக்குக்கு எவ்வளவு இடம் மிச்சப்படுத்தலாம் என்று யோசித்தவர்கள், இயந்திரத்துக்கு முன்னால் தனியாக இடம் கொடுப்பது வீண் என்று தீர்மானித்து, அதைச் சாரதியின் அடியில் தள்ளிவிட்டார்கள். 1967இல் முதல் ஹைஏஸ் வெளிவந்தது முதல் அந்தத் தீர்மானம் வெகுகாலம் மாறவில்லை. எங்கோ ஒரு காரியாலயத்தில் யாரோ வகுத்த அளவுகோல், மாத்தளையில் ஒரு கிழவனின் முழங்காலை டாஷ்போர்டில் இடிக்க வைக்கிறது. சாம்ராஜ்யங்கள் போனாலும் அளவுகோல்களின் ஆட்சி போவதில்லை போலும்.

இதைவிட விசித்திரமானது வளைவு. காரில் முன்சக்கரங்கள் நமக்கு முன்னாலே போய் வளைவைச் சந்திக்கின்றன. டொல்பினில் அவை நம் ஆசனத்துக்கு நேர் கீழே இருக்கின்றன. ஆகவே காரோட்டிப் பழகிய கை, மூலையைக் கண்டவுடன் ஸ்டியரிங்கைத் திருப்புமானால், நீண்ட முதுகு குறுக்கே வெட்டிக்கொண்டு வந்து, பின்சக்கரம் கானில் இறங்கிவிடும். எல்கடுவைக்கு ஏறும் வீதியில் எனக்கு வித்தை கற்பித்தவர், தோட்டத்துக் கொழுந்து லொறியை முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டி ஓய்ந்த ஒருவர். பக்கத்தில் குந்திக்கொண்டு வெற்றிலையை மென்றபடி அவர் சொன்ன வாக்கியம் ஒன்றேதான்: "கண்ணு வளைவுக்கு வந்ததும் திருப்பாதீங்க ஐயா, நீங்க வளைவுக்கு வந்த பொறகு திருப்புங்க." கேட்பதற்கு எளிது, ஆனால் பள்ளத்தாக்கின் விளிம்பு கண்ணாடி நிறைய வந்து நிற்கும்போது, இன்னும் திருப்பாதே, இன்னும் போ என்று உடம்புக்குச் சொல்வது ஹடயோகத்தின் பாற்பட்டது. அவரோ அந்த நேரத்தில்தான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, கீழே யாருடைய மிளகுக்கொடி நன்றாகக் காய்த்திருக்கிறது என்று அபிப்பிராயம் கூறுவார்.

காரில் போன காலத்தில் மாத்தளை வீதிகளுக்கு ஏற்றம் உண்டென்பதையே நான் மனத்தில் வாங்கியதில்லை. இப்போது கியர் மாற்றும் இடமெல்லாம் தெரியும். கண்டியிலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் வரை ஓடும் ஏ9 பாதை எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் சாந்த ஸ்வபாவம் உள்ளது. பாரவண்டி இழுக்கும் மாட்டின் மூச்சை மனத்திலே வைத்து வகுத்த அந்தக் காலத்துத் தடத்தின் சாயல் இன்னும் அதில் மிச்சமிருக்கிறது. தோட்டங்களுக்குப் பிரியும் பாதைகளில் அந்தக் காருண்யம் இல்லை. இலங்கை வீதிகளின் பிதா என்று சொல்லத்தக்க தோமஸ் ஸ்கின்னர், 1819இல் பதினைந்து வயதுப் பையனாகப் பட்டாளத்தில் சேர்ந்து, மீசை முளைக்கு முன்னரே வீதி வேலையில் ஏவப்பட்டவர். தமது ஐம்பது வருஷ இலங்கை வாசத்தைப் பற்றி அவர் எழுதிய சுயசரிதை, அவர் மறைந்து பல வருஷங்களுக்குப் பின் 1891இல் அச்சேறியது. வீதி போட்டவர் சரித்திரம் எழுதி வைத்தார். வீதியில் கல்லுடைத்தவர்களின் சரித்திரம் வேறு விதமாக வெடித்தது. வருஷத்தில் ஆறு நாள் வீதி வேலை செய், அல்லது மூன்று ஷில்லிங் கட்டு என்று 1848இல் டொரிங்டன் பிரபுவின் ஆட்சி போட்ட கட்டளை, துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி என்ற மற்ற வரிகளோடு சேர்ந்து குடிகளைக் கொதிக்க வைத்தது. ஜூலை 28ஆம் தேதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டிவிட்டு, கலகக்காரர் இந்த ஏ9 பாதை வழியாகவே மாத்தளைக்கு வந்தார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் தேதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

டொரிங்டனின் ஆறு நாள் சட்டத்தை நான் இவ்வளவு அக்கறையுடன் நினைப்பதற்குக் காரணம் உண்டு. வேன் வந்த பிறகு எங்கள் ஊரில் அந்தச் சட்டம் எனக்கு மட்டும் மீண்டும் அமலாகியிருக்கிறது. மூன்று ஷில்லிங் கட்டித் தப்பவும் வழியில்லை.

கார் வாசலில் நின்றால் அது நிற்கிறது, அவ்வளவுதான்; அது ஏன் நிற்கிறது என்று கேட்பவன் இல்லை. வேன் நின்றால் மட்டும் அது 'சும்மா' நிற்கிறது. "வேன் சும்மாதானே நிக்குது?" என்ற இந்த வினாவில் விண்ணப்பமும் கண்டனமும் எவ்வளவு நேர்த்தியாகக் கலந்திருக்கின்றன என்று நான் வியப்பதுண்டு. உக்குவளைக்குக் கல்யாணத் தட்டு, ஆஸ்பத்திரிக்குப் பிரசவம், பண்டாரபொலையில் ஒரு கருமாதி, சிவனொளிபாத மலைக்கு ஒரு கூட்டம், கிராம்பு மூட்டை, மிளகு மூட்டை, தையல் மெஷின், கட்டில். பதிவுப் புத்தகத்தில் ஆளும் ஏற்றலாம் சாமானும் ஏற்றலாம் என்ற வகையில் இது எழுதப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் ஏற்றலாம் என்று எங்கள் ஊரார் அதற்கு வியாக்கியானம் செய்துகொண்டார்கள். முன்பு நான் காரில் கடந்து போனால் தலையை மட்டும் அசைத்தவர்கள் இப்போது கையையே நீட்டுகிறார்கள். ஏறியவர்கள் இழுவைக் கதவைச் சாத்துகிற வேகத்தில் ஒவ்வொரு தடவையும் என் பல் கூசுகிறது. இதிலே ஓர் ஆறுதல், ஆளேறினால் வேன் சமர்த்தாகிவிடுவது: வெறுமையாக ஓடும்போது பின்பாரம் இல்லாமல் மழையில் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கியும், பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளியும் படுத்துகிற அதே வாகனம், பத்துப் பேர் ஏறியவுடன் குலுக்கம் அடங்கி, பூமியோடு ஒட்டிக்கொண்டு போகிறது. வில்லுப்பட்டையைப் பாரத்துக்கென்று செய்திருக்கிறார்கள்; தனியாளின் சுகம் அதன் கணக்கிலேயே இல்லை.

நான் வேனோட்டக் கற்றது எல்கடுவையில் என்றால், அதற்குப் பழகியது 2023இல். மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு வருஷம் நிறைவதை முன்னிட்டு, முன்னோர் நடந்த வழியிலேயே நடப்பதென்று ஒரு பாதயாத்திரை ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரில் புறப்பட்டு, ஆகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளையில் வந்து முடிந்ததே, அதன் கடைசிப் பகுதியில் என் வேனும் சென்றது. தெருவிலுள்ள பையன்கள் வந்து நின்றார்கள். "அங்கிள், வேன் சும்மாதானே நிக்குது? தண்ணி போத்தலும் பாயும் ஏத்திக்கிட்டு நாவுலையிலேருந்து பின்னால வந்தாப் போதும்" என்றார்கள். பின்னால் வருவது என்பதன் பொருள் நாலந்தாவைத் தாண்டுமுன் விளங்கிவிட்டது. மனிதர் நடக்கிற வேகத்தில் ஒரு டீசல் வேனை நடத்துவதாவது, முதல் கியரில் கிளச்சை விடுவதும் மிதிப்பதுமாக, இடது முழங்கால் சாஷ்டாங்கமாகச் சரணடையும் வரை செய்கிற தொண்டு. சூட்டு முள் ஏறுகிறதா என்று ஒரு கண், முன்னே போகிறவர்களின் குதிகால்மேல் ஒரு கண். பின்னால் தம்புள்ளைச் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறிகள், என் பூர்வீகத்தைப் பற்றிய தம் கருத்தை ஹோர்னால் தெரிவித்துக்கொண்டே கடந்தன.

நடந்தவர்களில் முழங்கால் வீங்கிப்போன ஒரு மூதாட்டியை வற்புறுத்தி என் பக்கத்து ஆசனத்தில் ஏற்றினார்கள். கம்மடுவப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். "நடக்க வந்தவள ஒக்கார வச்சிப்புட்டாங்களே தம்பி" என்று என்மேல் சினந்தார், நான்தான் அவருடைய முழங்காலை வீங்கச் செய்தவன் போல. சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த வண்டி ஏன் கீழேர்ந்து இப்படி அடுப்பாட்டம் காயுது?" என்று கேட்டார். இயந்திரம் நமக்கு அடியில்தான் இருக்கிறதம்மா என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் விளக்கினேன். அவர் சேலையை ஒதுக்கி, வீங்கிய காலை அந்தச் சூட்டின் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டு, "நல்லதாப் போச்சி, ஒத்தடம்" என்றார். பல மாத காலமாக நான் சபித்து வந்த ஜப்பானிய யோசனைக்கு முதன்முதலாகக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரம் அது.

ஒத்தடத்தில் பதமாகி, அவர் பேசத் தொடங்கினார். தம் பாட்டியின் பாட்டி மன்னார்க் கரையில் இறங்கி நடந்த கதை: கங்காணி முன்னால், கூட்டம் பின்னால், இரவில் யானைக்கும் சிறுத்தைக்கும் பயந்து நெருப்பு மூட்டி நடுவிலே குழந்தைகளைப் படுக்க வைப்பார்களாம், வாந்திபேதி கண்டவர்களைப் பாதையோரத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டுமாம், நின்றால் நின்றவர்களுக்கும் வருமாம். அப்படி விடப்பட்டவர்களில் ஒரு தாய்மாமனும் இருந்தார். அவருக்குப் பெயர்கூடக் கதையில் எஞ்சவில்லை, 'அந்த மாமா' என்றுதான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். மாத்தளை வந்து சேர்ந்தவர்கள் மரத்தடியில் மாரியம்மனைக் கும்பிட்டு, உயிர் பிழைத்ததை அங்கேதான் நம்பினார்கள் என்றார். முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களையும் மாசி மகத்தில் ஆண்டுதோறும் பார்க்கிறவன் நான். என் காரை எங்கே நிறுத்துவது என்ற கவலையில்தான் அத்தனை வருஷமும் பார்த்திருக்கிறேன்.

வேறு யாருக்காவது கால் வலிக்கிறதா, இந்த ஆசனத்தைக் கொடுக்கலாமா என்று வழியில் பையன்கள் கேட்டபோது மூதாட்டி காது கேளாதவராகிவிட்டார். ஆனால் அளுவிகாரையின் பாறைகள் கண்ணில் பட்டதும் வேனை நிறுத்தச் சொன்னார். பாளித் திரிபிடகத்தை முதன்முதலாக ஏட்டில் எழுதியதாகச் சொல்லும் அந்த மலைக்குக் கும்பிடு போடப் போகிறார் என்று நினைத்து ஓரங்கட்டினேன். அவர் செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு இறங்கி, ஊருக்குள் வேனில் வந்தவள் என்று யாரும் சொல்லக் கூடாதென்று கூறி, கதவை ஓங்கிச் சாத்திவிட்டு, கூட்டத்தின் முன்வரிசைக்கே போய்விட்டார். அந்தச் சத்தத்துக்கு மட்டும் எனக்குப் பல் கூசவில்லை.

கார் வைத்திருக்கும் சிநேகிதர்கள் இப்போதும் எப்போதாவது என்னைத் தம் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போகிறார்கள். கண்ணாடி ஏற்றி, குளிர் போட்டு, அக்குரணைக் கடைகள் ஓசையில்லாமல் நகர்வதைப் பார்த்துக்கொண்டு போவது சுகமாகத்தான் இருக்கிறது. சுகத்தைப் பழிக்கிற வைராக்கியம் எனக்கு வரவில்லை. ஆனால் வழியில் கை நீட்டுகிற யாரையும் அந்தக் காருக்குத் தெரியாது என்பதை ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டிருக்கிறேன், சில சமயம் பிரேக் இல்லாத பக்கத்தில் காலை மிதித்தபடி.

நேற்று மாலை இரத்தோட்டையிலிருந்து ஒருவர் வந்தார். மகளுக்குக் கல்யாணம், சீர்வரிசை அலுமாரியைப் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஹயர் எவ்வளவு என்று கேட்கவில்லை, வேன் சும்மாதானே நிற்கிறது என்று மட்டும் சொன்னார். பின்கதவைத் திறந்து தம் கையாலே சாண் சாணாக அளந்து, போகும் என்றார். நான் டேப்பை எடுத்து அளந்தேன். இரண்டு அங்குலம் போகாது. கடைசி ஆசனத்தைக் கழற்றினால் போகும் என்று அவரும், அந்த போல்ட்டுகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன என்று நானும் வெகுநேரம் வாதாடினோம். இன்று காலை முதல் பதினாலாம் நம்பர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிப் போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை.