கூப்பனில் பிறந்த பக்கம்

மென்பொருளுக்கு லேண்டிங் பேஜ் எழுதும் எங்கள் தொழிலில் எல்லோர் வாயிலும் ஒரே சூத்திரம்தான்: பளிச்சென்று ஒரு தலைப்பு, ஒரு படம், ஒரே ஒரு பட்டன். வேறு எங்கும் போக வழி வைக்கக் கூடாது. இதை முதலில் சொன்னது யார்? கேட்டுப் பார்த்தால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார். நானே தேடிப் போனேன்.

முதலில் கிடைத்தது, கோப்புகளை இணையத்தில் வைத்து எந்தக் கணினியிலும் எடுத்துக்கொள்ள உதவும் டிராப்பாக்ஸ். 2008 மார்ச்சில் அந்த மென்பொருள் இன்னும் பொதுமக்கள் கைக்கு வரவில்லை. அதன் நிறுவனர்களில் ஒருவரான ட்ரூ ஹூஸ்டன் அதை இயக்கிக் காட்டும் சிறிய வீடியோ ஒன்றை, செய்தி பகிரும் ‘டிக்’ தளத்துக்காரர்களை மனத்தில் வைத்துத் தயாரித்தார். அவர்களுக்கு மட்டும் புரியும் கிண்டல்களை அதற்குள் ஒளித்து வைத்தார். காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் 5,000-லிருந்து 75,000-க்குப் போனது. வெளியீட்டுக்குப் பிறகு கூகுளில் காசு கொடுத்து விளம்பரம் செய்தபோதோ, 99 டாலர் சரக்குக்கு ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 233 முதல் 388 டாலர் வரை செலவானது. அப்படி ஒரு வசதி இருக்கிறது என்றே தெரியாதவர்கள் அதைத் தேட மாட்டார்கள் அல்லவா? யாரிடம் பேசுகிறோம் என்பது தெரிந்த வீடியோ வென்றது. சூத்திரத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

இன்னும் சற்றுப் பின்னால் போனால் ஒபாமாவின் தேர்தல் பிரசாரம். 2007 டிசம்பரில் பிரசாரத்தில் வேலை செய்த டேன் சிரோக்கரின் குழு, முகப்புப் பக்கத்துக்கு 4 பட்டன்களையும் படங்களும் வீடியோக்களுமாக 6 காட்சிகளையும் கலந்து 24 வடிவங்களை மக்கள் முன் வைத்துச் சோதித்தது. பிரசார ஊழியர்கள் வீடியோதான் ஜெயிக்கும் என்று நம்பினார்கள். எல்லா வீடியோக்களும் புகைப்படங்களிடம் தோற்றன. குடும்பப் படமும் ‘லேர்ன் மோர்’ பட்டனும் சேர்ந்த வடிவத்தில் பதிவு விகிதம் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமானது.

அதற்கு முன்? இணையத்தைத் தாண்டிச் சிகாகோவுக்குப் போக வேண்டியிருந்தது. லார்ட் அண்ட் தாமஸ் விளம்பர நிறுவனத்தின் கிளாட் ஹாப்கின்ஸ் 1923-இல் எழுதிய ‘சயன்டிஃபிக் அட்வர்டைசிங்’ நூலைத் திறந்ததும் திகைத்துப்போனேன். எங்கள் வேலை முழுவதும் அதில் இருந்தது. தலைப்பின் வேலை, தனக்குரிய வாசகரைப் பொறுக்கி எடுப்பது. படம், தான் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கான வாடகையைச் சம்பாதிக்க வேண்டும். இலவச மாதிரி கொடுக்க வேண்டும். இன்றைய ஃப்ரீ டிரையல் அதுதான். விளம்பரத்தின் மூலையில் வெட்டி அனுப்ப ஒரு கூப்பன். அதுதான் நம் பட்டன். ஒவ்வொரு விளம்பரத்தின் கூப்பனிலும் வேறு வேறு குறியீடு. வந்த கூப்பன்களை எண்ணினால் எந்தத் தலைப்பு எத்தனை பேரை இழுத்தது, ஒரு பதிலுக்கு எவ்வளவு செலவு என்பது தெரிந்துவிடும். நாங்கள் ஏ/பி டெஸ்ட் என்று இன்று செய்வதை அவர்கள் தபால்காரரை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

அங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் 1927-இல் வந்த அவருடைய தன்வரலாற்றில் ஷ்லிட்ஸ் பீர் கதை இருந்தது. அன்று எல்லா பீர் நிறுவனங்களும் தங்கள் பீர் சுத்தமானது என்று பெரிய எழுத்தில் கத்திக்கொண்டிருந்தன. ஹாப்கின்ஸ் ஷ்லிட்ஸ் ஆலைக்குள் போய்ப் பார்த்தார். வடிகட்டிய காற்று நிரம்பிய கண்ணாடி அறைகள், 4,000 அடி ஆழக் கிணறுகள், நான்கு முறை கழுவப்படும் பாட்டில்கள். இதையெல்லாம் ஏன் வெளியே சொல்லவில்லை என்று கேட்டார். எல்லோரும் இப்படித்தானே தயாரிக்கிறார்கள் என்றார்கள். ஆனால் வாங்குகிறவர்களிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஹாப்கின்ஸ் சொன்னார். ஐந்தாம் இடத்தில் இருந்த ஷ்லிட்ஸ் சில மாதங்களில் முதலிடத்துக்குச் சமமாக வந்துவிட்டது என்று எழுதுகிறார்.

கூப்பனின் பாதியைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன். எண்ணுவதற்குக் கற்றுக்கொண்டோம், ஆலைக்குள் போவதை விட்டுவிட்டோம். 24 வடிவங்களில் எது சிறந்தது என்று சோதனை சொல்லும். இருபத்தைந்தாவதாக ஒன்றை அது கொண்டுவந்து தராது. இன்று எந்த மென்பொருளின் பக்கத்தைத் திறந்தாலும் ‘எளிமை, வேகம், பாதுகாப்பு’ என்றே இருக்கிறது. இது அந்தச் சுத்தமான பீரேதான்.

மென்பொருள் விற்கும் நண்பர்களே, பட்டனுக்கு நிறம் தேடும் முன் உங்கள் சப்போர்ட் பிரிவுக்கு வந்த மின்னஞ்சல்களை ஒரு வாரம் உட்கார்ந்து படியுங்கள். கோட் எழுதியவர்களிடம், எந்த இடத்தில் மிகவும் சிரமப்பட்டார்கள் என்று கேளுங்கள். தலைப்பை அதற்குப் பிறகு எழுதுங்கள்.