மலையிலிருந்து வந்த ரூட்

ஏற்காடு மலையிலுள்ள நாகலூரில் கேபிள் டிவியும் இன்டர்நெட்டும் நடத்திவந்த ஒருவரைப் பற்றி நான் எழுதிய ரிப்போர்ட், சேலத்தில் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் ஃபைலில் இன்னும் இருக்கிறது. ‘வாடிக்கையாளர் தரப்புத் தவறு’ என்று அதை முடித்திருந்தேன். அந்த வரி பொய்யில்லை. பாதி உண்மை. மீதிப் பாதி என்னுடையது, அதை மறைத்துவிட்டேன்.

அவர் சின்ன ஆபரேட்டர்தான். ஆனாலும் சொந்தமாக ஐ.பி. பிளாக் வாங்கியிருந்தார்: 256 முகவரிகள் கொண்ட ஒரு /24. எங்களிடமிருந்து ஃபைபரில் ஒரு லைன். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மரம் சாய்ந்து ஃபைபர் அறுந்தால் சமாளிக்க, வேறொரு கம்பெனியிடம் ஒயர்லெஸ்ஸில் குறைந்த வேகத்தில் இன்னொரு லைன். இரண்டு பக்கமும் பி.ஜி.பி. ஓடியது. ‘இந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்’ என்று ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு அது. சொல்வது மெய்யா என்று அது தானாகச் சரிபார்ப்பதில்லை. அதற்காகத்தான் பிரிஃபிக்ஸ் லிஸ்ட். ஏற்காடு அடிவாரத்துச் செக்போஸ்ட் மாதிரி, யாரை விடலாம் என்பதை நாம் எழுதிவைக்க வேண்டும். லிஸ்ட்டில் இல்லாத ரூட்டை ரூட்டர் தானாகவே தள்ளிவிடும். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி.

கோடை விழா சமயத்தில் அவர் இரண்டாவது பிளாக் வாங்கினார். லாட்ஜ்களெல்லாம் நிரம்பியிருந்தன, புது முகவரிகள் வேலை செய்யவில்லை என்று ராத்திரி போன் மேல் போன். நான் தூக்கக் கலக்கத்தில் இருந்தேன். புது பிளாக்கைக் கேட்டு, சரிபார்த்து, இன்னொரு வரி சேர்க்க வேண்டிய இடத்தில், ‘பெர்மிட் 0.0.0.0/0 எல்இ 32’ என்று அடித்தேன். கடைசியில் வரும் ‘எல்இ 32’ இல்லாமல் எழுதியிருந்தால் டீஃபால்ட் ரூட் ஒன்றுதான் உள்ளே வரும். அதைச் சேர்த்தால் உலகத்திலுள்ள எல்லா ரூட்டுக்கும் கதவு திறந்துவிடும். உடனே லைன் வந்துவிட்டது. அவர் நன்றி சொன்னார்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் மறக்கவில்லை. எங்கள் ரூட்டரைத் திறக்கும்போதெல்லாம் அந்த வரி கண்ணில் பட்டது. ஓடுகிறதே, இப்போது எதற்குக் கைவைப்பது என்று விட்டேன். இத்தனை ரூட்டுக்கு மேல் வந்தால் அவருடனான பி.ஜி.பி. செஷனை விழச் செய் என்று ஒரு உச்சவரம்பு வைக்கலாம், அதையும் வைக்கவில்லை.

ஒரு நாள் காலை அவர் ரூட்டரில் ஏதோ மாற்றினார். ஒயர்லெஸ் லைனில் வந்த மொத்த ரூட்டுகளும் அப்படியே எங்கள் பக்கம் கொட்டின. வாடிக்கையாளரிடமிருந்து வரும் ரூட்டுக்கு முன்னுரிமை கொடுப்பது எங்கள் தொழில் வழக்கம். ஆக, சேலத்திலிருந்து வெளியே போக வேண்டிய டிராஃபிக் முழுக்க இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே ஏறி, அந்த ஒயர்லெஸ் லைனுக்குள் நுழையப் பார்த்தது. ஊரே முடங்கியது. எங்களுக்கு மேலே இருந்த கம்பெனி எங்கள்மேல் ஒழுங்கான லிஸ்ட் வைத்திருந்ததால், அது சேலத்தோடு நின்றது. முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்.

இதெல்லாம் தெரியாதவன் இல்லை நான். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபை மறிக்கப் போட்ட ஒரு /24, வெளியே கசிந்து சுமார் இரண்டு மணி நேரம் உலகத்துக்கே யூடியூபை நிறுத்தியது. அதைத் தடுக்காமல் மேலே அனுப்பியது ஹாங்காங்கின் பி.சி.சி.டபிள்யூ. 2015 மார்ச்சில் ஹாத்வே, கூகுளின் 300-க்கும் மேற்பட்ட ரூட்டுகளை ஏர்டெல் பக்கம் கசியவிட்டது. ஏர்டெல் அவற்றை வாங்கி வெளியுலகத்துக்குச் சொன்னது. கசியவிட்டவரைவிட வாங்கிக்கொண்டவருக்குத்தான் பொறுப்பு அதிகம் என்று ஜூனியர் பையன்களுக்கு இந்தக் கதைகளைச் சொல்லிப் பாடம் நடத்தியவன் நான்.

அன்று முதலில் அவருடைய செஷனை நிறுத்தினேன். டிராஃபிக் திரும்பியது. அடுத்து, யாரும் பார்ப்பதற்குள் அந்த வரியை அழித்துவிட்டு அவருடைய இரண்டு பிளாக்குகளையும் முறைப்படி எழுதினேன். அதற்குப் பிறகுதான் ரிப்போர்ட். இந்த வரிசையை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன்.

அவர் சேலம் ஆபீசுக்கு வந்தார். கையில் அவருடைய ரூட்டர் கான்ஃபிக் பிரிண்ட் அவுட். “தப்பு என் பக்கம்தாங்க சார், ஒத்துக்கறேன். ஆனா என்கிட்ட இருக்கறது ரெண்டே பிளாக்குனு உங்களுக்குத் தெரியுமில்லைங்களா? அத்தனை ரூட்டையும் உங்க ரூட்டர் எப்படிங்க வாங்குச்சு?” என்று கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். “அது டெக்னிக்கலான விஷயங்க, போன்ல சொல்றேன்” என்றேன். போன் செய்யவில்லை. அவருடைய டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார்கள், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. தன் பெயரில் ஓடிய நெட்வொர்க்கை விட்டுவிட்டு, இன்று வேறொருவருக்குக் கீழே கனெக்‌ஷன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நடந்ததை அப்படியே எழுதி அந்தக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். ரிப்போர்ட்டைத் திருத்தச் சொல்லியிருக்கிறேன், டெபாசிட்டைத் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் தராவிட்டால் அந்தப் பணத்தை நான்தான் கட்ட வேண்டும். அவர் கேட்ட கேள்விக்கு நேரில் போய்ப் பதில் சொல்ல வேண்டியதும் பாக்கி இருக்கிறது.