முன்பின் அறியாத நால்வர்

திங்கள்

வேலரன்ட் என்னும் கணினித் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஐவர். தனியாக ஆட வருபவருக்கு மற்ற நால்வரும் பெரும்பாலும் முகம் தெரியாதவர்கள். ஆட்டக்காரர்கள் வழக்கில் ‘ரேண்டம்’. பெரும்பாலான சுற்றுகளுக்கு முன் ஆயுதம் வாங்கக் கிடைக்கும் 30 நொடியில்தான் பேச்சின் பயன் தொடங்குகிறது. வேண்டல் துப்பாக்கியின் விலை 2,900 கிரெடிட், கனக் கவசம் 1,000. இருவர் வாங்கி மூவர் சேமித்தால் இந்தச் சுற்றும் போகும், அடுத்த சுற்றுக்கான பணமும் கரையும். ‘இந்த ரவுண்ட் சேவ், அடுத்தது ஃபுல் பை’ என்று ஒருவர் சொல்லிவிட்டாலே ஐவரும் ஒன்றுபட வழி பிறக்கும்.

செவ்வாய்

எதிரியைக் கண்டவர் சொல்ல வேண்டியவை: எந்த இடம், எத்தனை பேர், என்ன நிலை. ‘இங்க இருக்கான், இங்க இருக்கான்’ என்ற கூவல் வீண். கூவியவரின் திரை மற்றவர்கள் கண்முன் இல்லை. ‘ஏ மெயின், ரெண்டு பேர்’ என்றால் உடனே திரும்பலாம். ‘ஜெட் 80’, அதாவது ஜெட் என்ற பாத்திரத்துக்கு 80 சேதம், என்பது இன்னும் மேல். உயிர் 100, கனக் கவசம் 50 என்று கொண்டால் அந்த ஜெட்டுக்கு மிச்சம் 70. வேண்டலில் உடம்பில் இரண்டு குண்டு பட்டால் விழுந்துவிடுவார். பதற்றத்தில் ‘ஒரே அடிதான் பாக்கி’ என்று மிகைப்படுத்துவது பெரிய கேடு. அதை நம்பிப் பாய்பவர் வீணாகச் சாவார். தான் விழுந்ததும் திரையில் தெரியும் சேதக் கணக்கைப் பார்த்துச் சொல்வதே நேர்மை.

மும்பை சர்வரில் தமிழரும் இந்திக்காரரும் ஒரே அணியில் சேர்வது சாதாரணம். அங்கே இடப்பெயர்களும் எண்களும் பொதுமொழி. வரைபடத்தில் குறியிடும் ‘பிங்’ அதைவிட எளிது. 2019-இல் வந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் இம்முறையை வெகுவாக வளர்த்தது: எதிரியையோ ஆயுதத்தையோ சுட்டினால் ஆட்டப் பாத்திரமே அதைக் குரலில் அறிவிக்கும். பெண் குரல் கேட்டதுமே சீண்டல் தொடங்கும் என்று மைக்கைத் திறக்காத பெண்கள் பலர். அவர்களும் அணிக்கு முழுமையாக உதவ பிங் வழி செய்கிறது. மைக் இல்லாதவரை ஒதுக்குவது அணிக்கே இழப்பு.

வியாழன்

நால்வர் விழுந்து ஒருவர் மட்டும் மிஞ்சும் நிலைக்குப் பெயர் ‘கிளச்’. நட்ட ஸ்பைக் என்னும் வெடிகுண்டு 45 நொடியில் வெடிக்கும். அதைச் செயலிழக்கச் செய்ய எதிரிக்கு 7 நொடி வேண்டும். ஓடும் காலடியையும் அந்தச் செயலிழப்பு ஒலியையும் காதால் பிடித்தே மிஞ்சியவர் முடிவெடுக்கிறார். அப்போது ஆளுக்கொரு வழி சொல்வது அவர் காதை அடைப்பதற்குச் சமம். எதிரியைக் கடைசியாகப் பார்த்த இடத்தை ஒரு முறை சொல்லிவிட்டு மௌனமாவதே உதவி.

சனி

அணிக்குள் சண்டை பெரும்பாலும் முடிந்துபோன சுற்றைப் பற்றியது. ‘ஏன் தனியா போன?’ என்பதற்குப் பதில் கிடைத்தும் பயனில்லை. ‘அடுத்த தடவை நான் ஃப்ளாஷ் போட்டதும் போங்க’ என்பது அதே குறையைத்தான் தொடுகிறது. ஆனால் கேட்டவர் செய்யக்கூடியது. வேலரன்ட்டை உருவாக்கிய ரயட் கேம்ஸ், 2021-இல் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் எதிரணியோடு நடக்கும் அரட்டையை நிறுத்தியது. அணிக்குள்ளும் வசவு உண்டு என்று ஒப்புக்கொண்டே, ஒருங்கிணைப்புக்குத் தேவை என்பதால் அணி அரட்டையை விட்டுவைத்தது. வசைபாடுபவரோடு வாதாடினால் மற்ற மூவரின் கவனமும் சிதறும்; அவர் குரலை முடக்குவது ஒரு நொடி வேலை. முடக்கப்பட்டவருக்கும் முடக்கியவரின் குரல் கேட்கும் என்பதால், எதிரி இருக்கும் இடத்தை அவருக்கும் தொடர்ந்து சொல்லலாம்.