போறேன் அல்ல, போயிட்டு வாரேன்

மும்பை மான்குர்த் ரயில் நிலையத்தை அடுத்த குடியிருப்பு ஒன்றின் முதல் மாடி. சனிக்கிழமை மாலைகளில் அங்கே ஒரு வகுப்பு நடக்கிறது. கரும்பலகை இல்லை, பாடப் புத்தகமும் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே 40 ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஆச்சி ஒருவர், பேரனையும் அவன் கூட்டாளிகள் நான்கு பேரையும் உட்கார வைத்துத் தமிழ் சொல்லித் தருகிறார். எழுத்து அல்ல, மரியாதை.

காரணம் உண்டு. கோடை விடுமுறையில் ஊர்க் கோவில் கொடைக்குப் போன பேரன், பெரிய தாத்தாவைப் பார்த்து, "நீ எப்ப வந்தே?" என்று கேட்டுவிட்டான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. "பம்பாய்ப் பிள்ளைதானே" என்று பக்கத்தில் யாரோ சொன்னதுதான் ஆச்சிக்குச் சுட்டது.

பையனைக் குறை சொல்ல முடியாது. பள்ளியில் ஆங்கிலம். தெருவில் மும்பை இந்தி. அதில் 'தூ' தாராளம். வீட்டுத் தமிழோ, பெரியவர்கள் அவனிடம் பேசுவது மட்டுமே: "வாலே, சாப்பிடுலே." கேட்டதைத்தானே அவன் திருப்பிச் சொல்ல முடியும்? வெளிநாடுகளில் வளரும் ஹங்கேரியப் பிள்ளைகளுக்கும் இதே சங்கடம் உண்டு. வீட்டில் கேட்பது 'தெ', அதாவது 'நீ'. வெளி மனிதர்களிடமோ 'மாகா', 'ஓன்' என்று சொல்லி, 'அவர் வருகிறார்' என்பதுபோல் வினையையே படர்க்கையில் முடிக்க வேண்டும்.

ஆச்சியின் இலக்கணம் எளிமையானதல்ல. அப்பாவும் பெரியப்பாவும் 'நீங்க'. அம்மா 'நீ'. சாமியும் 'நீ'. "அப்ப அம்மாவுக்கு மரியாதை கிடையாதா?" என்றான் ஒருவன். "ஒட்டுனவங்களுக்கு அது வேண்டாம்லே" என்றார் ஆச்சி. சொந்த ஆச்சியிடமே 'எங்க வீடு' என்றால் அவரை வெளியே நிறுத்துவதாகும். 'நம்ம வீடு' என்க வேண்டும். மராத்தி தெரிந்த சிறுமி இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். அதிலும் 'ஆம்ஹி', 'ஆபண்' என்று இரண்டு உண்டே! இந்தியில் 'ஹம்' ஒன்றுதான்.

கடைசிப் பாடம், விடைபெறுதல். 'போறேன்' கூடாது, 'போயிட்டு வாரேன்' என்க வேண்டும். பேரன் அதை மனப்பாடம் செய்துவிட்டான்.

அடுத்த மாதம் எதிர்க் கட்டடத்தில் ஒரு முதியவர் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போன இடத்தில் கிளம்பும்போது பையன் கணீரென்று சொன்னான்: "போயிட்டு வாரேன், ஆச்சி."

கூடம் அமைதியானது. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கமில்லை. ஆச்சிக்கு உடம்பு கூசிப்போனது. ஆனால் கணவரை இழந்த அந்த அம்மாள் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாய்யா, கண்டிப்பா வா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஆச்சி அந்த விதிவிலக்கைச் சொல்லிக் கொடுத்தார். "பின்னே அவங்க ஏன் கோவிக்கல?" என்று கேட்டான் பேரன். ஆச்சியிடம் பதில் இல்லை.

பதினாறாம் நாள் கழிந்ததும் பையன் செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்குக் கிளம்பினான். எங்கே என்று கேட்டதற்கு, "வாரேன்னு சொன்னேன்ல" என்றான்.