கல் விழ மூன்று படம்

டிசம்பர் 26

அரையாண்டு விடுமுறை. மாலை வகுப்புக்கு வரும் ஏழு பிள்ளைகளும் காலையிலேயே திண்ணையில். காக்கா பானையில் கல் போட்டுத் தண்ணீர் குடித்த கதை, பதினாறு பக்கப் படப்புத்தகம், அட்டை கிழியும் அளவுக்குப் படித்தாயிற்று. அதைத்தான் களிமண் பொம்மைப் படமாக எடுக்கப்போகிறோம். பொம்மையைத் துளி நகர்த்தி ஒரு படம், இன்னும் துளி நகர்த்தி அடுத்தது. நொடிக்குப் பன்னிரண்டு, நிமிஷத்துக்கு 720. கணக்கைக் கேட்டதும் சின்னவன், "அத்தனை தடவ தொட்டா காக்காவுக்கு வலிக்காதாக்கா?" என்றான்.

இந்திய சினிமாவின் முன்னோடி பால்கேயின் கதையைச் சொன்னேன். படம் எடுக்கப் பணம் திரட்ட அலைந்த 1912இல், தொட்டியில் பட்டாணி விதைத்து, அது வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்தார். திரையில் செடி மளமளவென்று எழுந்து நின்றது. அடுத்த ஆண்டு அவருடைய 'ராஜா ஹரிச்சந்திரா' படம் வந்தது. பிற்பாடு தீக்குச்சிகளை நகர்த்தியும் ஒரு படம் செய்தார். இந்தியாவில் இந்த வித்தை இப்படித்தான் தொடங்கியது, பட்டாணியிலும் தீக்குச்சியிலும். எங்களிடம் ஏரிக் களிமண்ணும் ஒரு செல்போனும் இருக்கின்றன.

டிசம்பர் 28

கல் பொறுக்க ஆற்றுக்குப் போனோம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடத்தில் கூழாங்கல்லுக்கா பஞ்சம்! முந்தானை நிறைய அள்ளி வந்து, நிஜப் பானையில் கால்வாசி தண்ணீர் ஊற்றிக் கதையைச் செய்து பார்த்தோம். கல் வாய்வரை நிரம்பிவிட்டது. தண்ணீரைக் காணோம். எல்லோருக்கும் முகம் விழுந்துவிட்டது.

உட்கார்ந்து யோசித்தோம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சந்து இருக்கிறது. பானை நிறையக் கல் போட்டால், உள்ளே ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு சந்துதான். அந்தச் சந்தை நிரப்பவே பத்தாத தண்ணீர் எப்படி மேலே வரும்? பாதிப் பானை ஊற்றிப் போட்டோம். கல் ஒவ்வொன்றாக விழ விழத் தண்ணீர் கழுத்துக்கு ஏறி வந்தது. அந்தக் கூச்சல் அக்கரைப் பழையசீவரத்துக்கே கேட்டிருக்கும்.

புத்தகத்துப் படத்தில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடக்கிறது. "நம்ம படத்துல பாதிப் பானைதான் காட்டணும், பொய் சொல்லக் கூடாது" என்றாள் நாலாம் வகுப்புக்காரி. அப்படியே தீர்மானம்.

டிசம்பர் 31

இன்று 140 படம் வீண். ஜல்லி லாரி தெருவில் போகும்போதெல்லாம் மேஜை அதிர்கிறது, ஓட்டிப் பார்த்தால் காக்காவுக்குக் குளிர் ஜுரம் கண்டதுபோல் நடுங்குகிறது. குவாரித் தூசு பிள்ளைகளின் மூச்சில் ஏறுவது போதாதென்று இதிலுமா என்று நெஞ்சு எரிந்தது. மேஜைக் கால்களைக் கோணிப்பையில் கட்டிய ஆற்றுமணல் மேல் நிறுத்தினோம். அதிர்வு பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. மேகம் போகும்போதெல்லாம் வெளிச்சம் மாறுவதால் ஜன்னலைப் போர்வையால் மூடி, இரண்டு எல்இடி பல்பு.

ஜனவரி 4

இன்றைய நாளை மறக்க மாட்டேன்.

ஒரு சாண் உயரத்திலிருந்து விழும் கல் கால் நொடிக்குள் விழுந்துவிடும், அதாவது மூன்றே படம். அலகில் ஒன்று, பாதி வழியில் ஒன்று (கல்லைத் தூண்டில் நரம்பில் தொங்கவிட்டோம்), தண்ணீரில் ஒன்று. தண்ணீர் என்பது கசக்கிய கண்ணாடித்தாள், மேலே ஒரு சொட்டு கிளிசரின். முதல் கல் இப்படி விழுந்ததை ஓட்டிப் பார்த்தோம். எல்லாம் சரி, ஆனால் காக்கா ஏதோ இயந்திரம் மாதிரி கல்லைத் துப்பியது.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் இருக்கிறாள். அவள்தான் சொன்னாள்: "அது இன்னும் யோசிக்கலக்கா." பிறகு அவளே கம்பி உள்ளே வைத்த அந்தக் கழுத்தைப் பிடித்து, ஒரு நூல் அளவு சாய்த்தாள். படம். இன்னும் ஒரு நூல். படம். தலை சாய்ந்து, பானையைப் பார்த்து, கல்லைப் பார்த்து, மறுபடி பானையைப் பார்க்க 22 படம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஓட்டினோம். இரண்டு நொடிகூட இல்லை. காக்காவுக்கு உயிர் வந்திருந்தது.

புத்தகத்தில் ஒரு பக்கத்தில் காக்கா பானையை எட்டிப் பார்க்கிறது, பக்கத்தைத் திருப்பினால் அலகில் கல். நடுவில் அது என்ன நினைத்தது என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. இத்தனை வருஷம் இந்தக் கதையைச் சொல்லிக் கொடுக்கிற நானும் அங்கே நின்றதில்லை.

அமெரிக்காவில் ஆர்னால்ட் லோபெல் 1970இல் எழுதி வரைந்த தவளை, தேரை நண்பர்கள் புத்தகத்தை, ஜான் மாத்யூஸ் 1985இல் இதே முறையில் பொம்மைப் படமாக எடுத்தார். அந்தப் புத்தகத்தில் ஒரு கடிதத்தை நத்தையிடம் கொடுத்தனுப்புவார்கள், அது போய்ச் சேர நாலு நாள் ஆகும். படிக்கிறவருக்கு அது ஒரு வரி. பொம்மையைக் கையில் பிடித்தவருக்குக் காத்திருப்பதுதான் வேலையே.

ஜனவரி 9

மும்பையில் சுரேஷ் எரியாட்டும் அவர் குழுவும் செய்த 'டோக்ரி'யைச் செல்போனில் காட்டினேன். அப்பாவின் கடிகாரத்தை உடைத்துவிட்டு, அதைச் சரிசெய்யக் கூடை விற்கக் கிளம்பும் களிமண் சிறுமி. பெரியவர்களே வருஷக்கணக்கில் உழைத்து முடித்த படம் என்றதும், எங்கள் பதினைந்து நாள் இவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கறுப்புக் களிமண்ணில் விரல் ரேகை பதிகிறது என்று அழுதுகொண்டிருந்தவன், ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் ஆற்றைக் கடந்து எங்கள் ஊருக்கு எழுந்தருளும் நாள். ஊரே கோவில் பக்கம். கூட்டம் கலைந்தபின் எங்கள் வாசலில் வேட்டியைத் திரையாகக் கட்டி, 58 நொடிப் படத்தைப் போட்டோம். காக்கா தலை சாய்த்தபோது தெருவில் ஒரு சத்தம் இல்லை. தண்ணீர் கழுத்துக்கு ஏறியதும் கைதட்டல்.

மூன்றாம் முறை போட்டபோது எதிர்வீட்டு ஆயா கேட்டார்: "ஏண்டி, அது பாட்டுக்குக் குடிச்சிட்டுப் பறந்துடுச்சு. பானையில கெடக்கிற கல்லையெல்லாம் யாரு எடுக்கறது?"

ஜனவரி 17

காலை ஏழு மணிக்கே திண்ணையில் ஈரக் களிமண். வாய் திறக்காத அந்தப் பெண், கொண்டை போட்ட ஒரு கிழவியைச் செய்துகொண்டிருந்தாள். பானையில் 19 கல். எடுப்பதற்கு முன் அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்து எத்தனை படம் நிற்க வேண்டும் என்று சண்டை நடக்கிறது.